மழையால் நின்ற ஓட்டம்

மழை பெய்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். நாற்பது கார்களும் வரிசையாக வந்து நிற்கும். ஆட்கள் ஓடிவந்து ஒவ்வொன்றையும் உறை போட்டு மூடுவார்கள். பிறகு ஒரு லொறி வரும். அதன் முதுகில் விமான இயந்திரம் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அது அனல் காற்றைத் தரையில் ஊதிக்கொண்டு, மனிதர் நடக்கும் வேகத்தில், வட்டப்பாதையைச் சுற்றி ஊர்ந்து ஈரத்தைக் காயவைக்கும். ஒரு மணித்தியாலம், சிலவேளை இரண்டு மணித்தியாலம், தொலைக்காட்சியில் வேறொன்றும் நடக்காது. மற்றவர்கள் என்றால் எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வருவார்கள். என் அத்தான் அந்த நேரத்தில்தான் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவர் இறந்து ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்த நினைவு மலரில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி அக்கா கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். அன்பானவர், பண்பானவர், சிரித்த முகம் உடையவர் என்று எல்லா நினைவு மலர்களிலும் இருப்பதைத்தான் எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு அது என் அத்தானா, வேறு யாருடைய அத்தானா என்று தெரியாது. அமெரிக்காவில் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓடுகிற கார்களைப் பார்த்துத் தன் வாழ்நாளின் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்த மனிதர் என்று எழுதியிருந்தால் அக்கா பேனாவால் வெட்டியிருப்பாள். இன்னொரு விஷயத்தையும் நான் எழுதவில்லை. அது அக்காவுக்கே தெரியாது.

அந்தப் பைத்தியம் அவருக்கு ஜேர்மனியில் பிடித்தது. லண்டனுக்கு வர முன்னர் சில வருடங்கள் அங்கே ஓர் அகதி விடுதியில் இருந்தார். ஓர் அறைக்கு நான்கு பேர். பகலில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவும் வேலை. ஊருக்கு வெளியே அமெரிக்கப் படைமுகாம் ஒன்று இருந்தது. படையினருக்காக அங்கிருந்து ஒளிபரப்பான அலைவரிசை விடுதியின் பழைய தொலைக்காட்சியிலும் புள்ளி புள்ளியாக விழும். ஞாயிறு வேலையில்லை, போக்கிடமும் இல்லை. படம் பார்ப்பதென்றால் கதை விளங்க வேண்டும், செய்தி என்றால் மொழி விளங்க வேண்டும், கார் ஓட்டத்துக்கு ஒன்றும் வேண்டாம் என்பதுதான் அவர் சொன்ன காரணம். “முன்னுக்குப் போறவன் முன்னுக்குப் போறான், பின்னுக்கு நிக்கிறவன் பின்னுக்கு நிக்கிறான். இதிலை விளங்க என்ன கிடக்கு?” என்பார். பிறகு அதிலே விளங்குவதற்கு எவ்வளவு கிடக்கிறது என்று ஒரு மணித்தியாலம் விளக்குவார்.

ஆங்கிலத்தை அவர் அந்த வர்ணனையாளர்களிடமிருந்துதான் படித்தார். அமெரிக்காவின் தென்பக்கத்து ஆட்கள், சொற்களை மாவு இழுப்பதுபோல் இழுத்துப் பேசுகிறவர்கள். பிறகு லண்டனில், டூட்டிங்கில் அவர் வேலை செய்த டயர் கடைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் இவர் வாயைத் திறந்ததும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்து முகத்திலிருந்து மாட்டுப்பண்ணைக்காரரின் குரல் வந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? அக்காவுக்கு இதில் கொஞ்சம் வெட்கம். “மனுசர் கதைக்கிற மாதிரிக் கதையுங்கோவன்” என்று பொது இடத்தில் அவர் கையைக் கிள்ளுவாள்.

நான் லண்டனுக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகாத பெண். அவர்கள் அப்போது டூட்டிங்கில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தார்கள். ஓர் அறையும் ஒரு ஹோலும். ஹோலில் எனக்குப் படுக்கை போட்டார்கள். தொலைக்காட்சியும் அங்கேதான். என் தலைமாட்டில் அவருடைய வீடியோக் கசெற்றுகள் சுவர் முழுக்க அடுக்கியிருந்தன. அவர் ஓட்டம் பார்க்கும்போது நான் போய் உட்கார வேறு இடமும் இல்லை. விருப்பமோ விருப்பமில்லையோ, நானும் பார்த்தேன். சில மாதங்களில் விருப்பமாகிவிட்டது என்று சொல்ல எனக்கு இப்போதும் கொஞ்சம் கூச்சம்தான்.

ஸ்டொக் கார் என்று அதற்குப் பெயர். கடையில் விற்கிற சாதாரணக் காரையே கொண்டுவந்து பந்தயம் ஓட்டுவதுதான் அதன் தொடக்கம். நாங்கள் பார்த்த காலத்தில் உள்ளே எல்லாம் மாறியிருந்தாலும் வெளியே பார்த்தால் இன்ன கார் என்று சொல்லலாம். முகப்பில் விளம்பரம் தீட்டியிருக்கும். ஓட்டுநர்களின் பெயரை அத்தான் சொல்லமாட்டார். சவர்க்காரத் தூள், பியர், பெயின்ற், பற்றரி என்று காரின் பெயரால்தான் சொல்வார். “சவர்க்காரத் தூள் இண்டைக்கு மூக்கு உடைஞ்சு போச்சுது.” எனக்கென்று ஒரு காரைத் தெரிவு செய்யச் சொன்னார். காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற சோளத் தகட்டின் படம் போட்ட காரைச் சொன்னேன். அது ஒருநாளும் வெல்லவில்லை. எப்போதும் இருபத்தெட்டாவது, முப்பதாவது. அத்தான் அந்தக் காரைக் கண்டதும் “உம்மடை ஆள் போறார், கை காட்டும்” என்பார். நானும் கை காட்டுவேன்.

அந்தக் காலத்து ஒளிபரப்பில் என்ன இருந்தது என்று இப்போது யாராவது கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று பேர் பேசுவார்கள். அதில் ஒருவர் முன்பு ஓட்டுநராக இருந்தவர். கமரா ஒரு காரைப் பிடித்தால் அரைச் சுற்றுக்காவது அதை விடாது. காருக்குள் வைத்த கமரா ஆடிக்கொண்டே இருக்கும், படம் இடையில் கோடு கோடாக அறுந்து போகும். கடைசிப் பத்துச் சுற்றில் அந்த மூன்று பேரும் வாயை மூடிவிடுவார்கள். வெறும் இயந்திரச் சத்தம் மட்டும் ஹோலை நிரப்பும். அத்தானுக்கு அந்த மௌனம்தான் உயிர். மழை பெய்தாலோ அவருக்குத் திருவிழா. குடையின் கீழே பழைய ஓட்டுநர்களை நிறுத்திவைத்து, அவர்களுடைய பழைய சண்டைகளையும் உடைந்த எலும்புகளையும் பற்றி ஆறுதலாகக் கதைப்பார்கள். ஓட்டத்தை யாரும் காட்டலாம், ஆனால் ஓட்டம் நின்ற நேரத்தில்தான் அந்த ஆட்களைத் தெரியும் என்பார் அத்தான்.

லண்டனிலும் நேரில் பார்க்க வழி இருந்தது. விம்பிள்டன் பக்கம், டூட்டிங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில், நாய்ப் பந்தயம் நடக்கிற அரங்கு ஒன்றிருந்தது. சில ஞாயிறுகளில் அங்கே கார்கள் ஓடும். அமெரிக்கக் கார்கள் அல்ல, தகரம் நெளிந்த உள்ளூர்க் கார்கள். ஒன்றை ஒன்று இடிக்கிறதுதான் வேலை. அத்தான் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போவார். அக்கா சேலைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு, காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிடுவாள். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அந்த அரங்கை இடித்துவிட்டார்கள். அங்கே அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. நான் இப்போது பஸ் ஓட்டுகிறேன். அந்தப் பக்கமாகப் போகிற ஷிப்டும் சிலவேளை கிடைக்கும். பார்த்தால் ஒன்றும் தோன்றுவதில்லை, சிவப்பு விளக்கு மாறுவதற்குக் காத்திருந்துவிட்டுப் போய்விடுவேன்.

நான் வந்த அடுத்த வருடம் அத்தானின் அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். அத்தான் ஒரே மகன். கொள்ளி வைக்க வேண்டியவர். அவருடைய அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை, கையில் பயணப் பத்திரம் எதுவும் இல்லை. வெளியே போனால் திரும்பி வர முடியாது. யுத்தத்தால் ஊருக்குள்ளே போகவும் பாதை இல்லாத காலம். செய்தி வந்த அன்று அவர் குளித்துவிட்டு வேலைக்குப் போனார். பின்னேரம் வந்து, சாமிப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்தார். அழுததை நான் காணவில்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் ஊரில் செத்தவீட்டை வீடியோ எடுத்து அனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். போகமுடியாத பிள்ளை அந்தக் கசெற்றைப் போட்டுத்தான் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும். அத்தானின் தங்கை எடுத்து அனுப்பினார். ஆனால் வழியில் எத்தனையோ சோதனைச் சாவடிகள். சனக்கூட்டமும் ஊர்வலமும் உள்ள வீடியோவைக் கண்டால் பறித்துவிடுவார்கள் என்று சனத்துக்குப் பயம். அதனால் வீடியோக் கடைக்காரர் முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு சினிமாப் படத்தைப் பதிந்து, அதன் பிறகு செத்தவீட்டைப் பதிவார். வெளியே படத்தின் பெயரை எழுதி ஒட்டுவார். அத்தானுக்கு வந்த கசெற்றும் அப்படித்தான் வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் டயர் கடையிலேயே கொண்டுவந்து கொடுத்தாராம். அத்தான் அதைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மற்றக் கசெற்றுகளுக்கு நடுவே செருகி வைத்தார். கசெற் வந்திருக்கிறது, ஆறுதலாகப் பார்ப்போம் என்று அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு மாலை அத்தான் கடையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். அன்று ஆள் குறைவு, வேலை முடிந்து வர நேரமாகும். “பிள்ளை, ரேஸ் துவங்கப் போகுது. ஒரு கசெற்றிலை பிடிச்சு வையும்” என்றார். வெறும் கசெற் இருக்கிறதா என்று கேட்டேன். “தேடிப் பாரும், ஏதாவது பழையது கிடக்கும்” என்றார். தேடினேன். அவருடைய ஓட்டக் கசெற்றுகளில் கை வைக்க எனக்கு மனமில்லை. ஒரு சினிமாப் படம் கண்ணில் பட்டது. அவர் படம் பார்ப்பவர் அல்ல, அக்காவும் அந்த நடிகரைக் கண்டால் எழுந்து போகிறவள். ஆனாலும் நான் சும்மா அழிக்கவில்லை. போட்டுப் பார்த்தேன். பூந்தோட்டத்தில் ஒருத்தி பாடிக்கொண்டு ஓடினாள், ஒருவன் துரத்தினான். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, பின்னுக்கு ஓடவிட்டு, தொடக்கத்திலிருந்து ஓட்டத்தைப் பிடித்தேன்.

நல்ல ஓட்டம். என் சோளத் தகட்டுக் கார் அன்று ஒருமுறை பத்தாவது இடத்துக்கு வந்தது. நான் தனியாக இருந்து கை தட்டினேன். பாதி தாண்டியதும் மழை வந்துவிட்டது. வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். அவருக்கு மழைக் கதைதான் பிடிக்கும் என்று தெரிந்ததால் அதையும் ஒன்று விடாமல் பிடித்தேன். கடைசியில் மழை விடாது என்று சொல்லி, முன்னுக்கு நின்றவனே வென்றவன் என்று அறிவித்தார்கள். நான் நிறுத்தினேன். மூன்று மணித்தியாலக் கசெற்றில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் முடிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அத்தானுக்கு லீவு. மத்தியானம் அவர் கசெற்றைப் போட்டுக்கொண்டு இருந்தார். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். நான் சமையலறையில் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். வர்ணனையாளர்களின் குரல் கேட்டது, மழை கேட்டது, வென்றவன் சிரித்துக்கொண்டு பேசுவது கேட்டது. பிறகு ஓர் இரைச்சல். அதன் பிறகு பறை மேளம் கேட்டது.

கத்தியோடு வாசலுக்கு வந்து நின்றேன். திரையில் ஊர் வெயில். சுடலை. வெள்ளை வேட்டி கட்டிய ஆண்கள். விறகுக்கு மேலே மூடிய பெட்டி. யாரோ ஒருவர் தோளில் மண்குடத்தோடு பெட்டியைச் சுற்றி வந்தார். அவர் அத்தானின் தங்கை கணவர் என்று பிறகுதான் அறிந்தேன். அத்தான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கொள்ளி வைத்தார்கள். படம் முடிந்து திரை நீலமாகியது. அவர் கசெற்றைப் பின்னுக்கு ஓடவிட்டார். இடையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். மழை. கார். கார். தொடக்கம் வரைக்கும் போய்ப் பார்த்தார். தொடக்கத்திலும் கார்தான்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள், சுடலைக்குப் போவது ஆண்கள்தான். பெட்டியை மூடுவது வீட்டில். மூடுவதற்கு முன் நடந்ததெல்லாம் கசெற்றின் முதல் பகுதியில் இருந்தது. பெண்கள் ஒப்பாரி சொன்னது, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தது, வாய்க்கரிசி போட்டது, அவருடைய அம்மாவின் முகம். அதற்கு மேலே நான் இருநூறு மைல் வேகத்தில் கார்களை ஓடவிட்டிருந்தேன்.

அவர் திரும்பி என்னைக் கண்டார். நான் என்ன முகத்தோடு நின்றேன் என்று எனக்குத் தெரியாது. “நல்ல ரேஸ், பிள்ளை. மழைதான் கெடுத்துப் போட்டுது” என்றார். பிறகு, “ஒரு தேத்தண்ணி போடுறீரே?” என்றார். போட்டேன். இரண்டு முறை சீனி போட்டுவிட்டேன். அவர் முழுவதையும் குடித்தார்.

அந்த வாரம் அக்கா கேட்டாள், மாமியின் கசெற்றைப் பார்ப்போமா என்று. “அது வழியிலை பூஞ்சணம் பிடிச்சுப் போட்டுது. படம் விழேல்லை” என்று அத்தான் சொன்னார். அக்கா நம்பினாள். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன், தொடர்ந்து கழுவினேன். சில நாட்களில் அவருடைய தங்கை யாழ்ப்பாணத்திலிருந்து பேசினார். அந்த நாட்களில் தொலைபேசியில் கத்தித்தான் பேசவேண்டும், இரண்டு பக்கமும் ஹோல் முழுக்கக் கேட்கும். “அண்ணை, கசெற் பாத்தனீங்களே? அம்மான்ரை முகம் வடிவாத் தெரிஞ்சுதே?” என்று கேட்டார். அத்தான் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஓம். வடிவாத் தெரிஞ்சுது. நித்திரை கொள்ளுற மாதிரி இருந்தா.” அந்தப் பக்கத்தில் தங்கை அழத் தொடங்கினார். தங்கைக்கு ஒரு பொய், அக்காவுக்கு ஒரு பொய். இரண்டும் எனக்காக. பெண்சாதியின் தங்கை மாமியின் செத்தவீட்டை அழித்துப்போட்டாள் என்ற கதை ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு அவர் கடைக்குப் புறப்படும்போது ஒரு புதுக் கசெற்றை என் கையில் தந்தார். “இண்டைக்கும் பிடிச்சு வையும்” என்றார். நான் வாங்கினேன். அந்த நேரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் பயம். பிறகு வெட்கம். அதன் பிறகு, அவருக்குத் தெரியும்தானே என்று ஒரு நினைப்பு. தெரிந்தவரிடம் போய் என்ன சொல்வது? அந்த நினைப்போடு வருடங்கள் ஓடிவிட்டன. எனக்குக் கல்யாணமாகி, பக்கத்து நோர்பரிக்கு வந்தேன். அவருடைய வழக்கு வென்றது. கடவுச்சீட்டு கிடைத்து, பாதை திறந்த பிறகு இரண்டு தடவை ஊருக்குப் போய்வந்தார். பனங்கட்டியும் ஒடியல் மாவும் கொண்டுவந்து தந்தார். நான் பஸ் ஓட்டப் பழகி வேலைக்குச் சேர்ந்தபோது சொந்தக்காரர் எல்லோரிடமும் என்னை ரேஸ்காரி என்று அறிமுகப்படுத்தினார். “இருபது மைலுக்கு மேலை போகாத ரேஸ்காரி” என்று தானே சிரிப்பார்.

ஓட்டமும் மாறிவிட்டது. இப்போதும் நடக்கிறது, ஆனால் அத்தான் மனம் விட்டுவிட்டார். கார் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது என்பார். ஓட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து இடையில் புள்ளி கொடுக்கிறார்கள், திரையில் நாலு பக்கமும் எழுத்து ஓடுகிறது, கடைசிச் சுற்றில் கூட ஒருவரும் வாயை மூடுகிறார் இல்லை. “சத்தம் கேக்க விடுறாங்கள் இல்லை” என்பதுதான் அவருடைய பெரிய மனக்குறை. பிறகு இணையத்தில் பழைய ஒளிபரப்புகளைக் கண்டுபிடித்தார். அவரைப்போலவே கசெற்றில் பிடித்துவைத்தவர்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள். விளம்பரங்களோடு, அறுந்த கோடுகளோடு, மழைக் கதைகளோடு முழுதாக ஏற்றியிருந்தார்கள். கீழே முகம் தெரியாத ஆட்கள் எழுதியிருப்பார்கள், இதை அப்பாவோடு பார்த்தேன், அந்த வீடு இப்போது இல்லை என்று. அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாசிப்பார். பதில் எழுத மாட்டார், ஒரு கட்டைவிரல் மட்டும் போடுவார்.

கடைசியாக அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஷிப்ட் முடிந்து சீருடையோடு போவேன். ஒருநாள் போனபோது கைபேசியைத் தலையணையில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திருப்பிக் காட்டினார். அந்த மழை ஓட்டம். யாரோ ஒருவர் அமெரிக்காவில் பிடித்தது, எங்களுடையதைவிடத் தெளிவாக இருந்தது. “உந்த ரேஸை நீர் எனக்குப் பிடிச்சுத் தந்தனீர். ஞாபகமிருக்கே?” என்றார். “ஓம் அத்தான்” என்றேன். “மழைக் கதையையும் விடாமப் பிடிச்சனீர். வேறை ஆரும் பிடிச்சிருக்க மாட்டினம்.” நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். இருவரும் அந்த லொறி சுற்றி வருவதைப் பார்த்தோம். ஒருவரும் குறுக்கே வரவில்லை, ஒன்றும் தடுக்கவில்லை. அரை மணித்தியாலம் இருந்தேன். சொல்லவில்லை.

செத்தவீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. அக்காவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வந்தவர்களுக்குக் கதிரை காட்டினேன், வாகனம் நிறுத்துமிடத்தில் இடம் போதாது என்று யாரோ சொன்னதற்குப் பதில் சொன்னேன். மண்டபத்தின் கூரையில் சின்னக் கமரா ஒன்று இருந்தது. இப்போது எல்லாம் நேரடியாக ஒளிபரப்புகிறார்கள், ஊரிலும் கனடாவிலும் இருப்பவர்கள் அந்த நேரத்திலேயே பார்த்தார்கள். அடுத்த வாரம் வேலைக்குப் போனேன். சவாரி செய்கிறவர்கள் மணியடித்த இடத்தில் நிறுத்தினேன். ஏதாவது உணர்கிறேனா என்று என்னையே இடையிடையே கேட்டுப் பார்த்தேன். பல்லுக்கு மருந்தூசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது.

அந்தியேட்டி முடிந்து இரண்டு நாள் கழித்து, அக்காவின் வீட்டில் நான் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அத்தானின் தங்கை யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். அவருக்கு இப்போது எழுபது வயதிருக்கும். நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். அக்கா படுத்திருந்தாள், அதனால் அவளுடைய கைபேசியை நான் எடுத்தேன். வந்தவர் போனவர் எல்லாம் விசாரித்தார். பிறகு, “நேரை பாத்தது பெரிய ஆறுதல், பிள்ளை. அண்ணையின்ரை முகம் வடிவாத் தெரிஞ்சுது” என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. எழுந்து போய் ஹோல் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். படம் என்று நினைத்து நான் அழித்தது, சுடலை மட்டும் மிஞ்சியது, அத்தான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பது, எனக்காக மச்சாளிடமே பொய் சொன்னது. என் குரல் பஸ்ஸில் அடுத்த தரிப்பிடத்தை அறிவிக்கிற குரல்போல ஏற்ற இறக்கமில்லாமல் எனக்கே கேட்டது. திரையில் மச்சாளின் முகம் அசையாமல் நின்றது, இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

“ஏன் பிள்ளை ஒருத்தரும் சொல்லேல்லை?” என்றார்.

“பயத்திலை, மச்சாள்.”

“எங்களிட்டை இன்னொரு கொப்பி இருந்தது” என்றார். “அனுப்பினது வழியிலை துலைஞ்சால் வேணும் எண்டு ரெண்டு அடிச்சனாங்கள். நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அடுத்த ஆளிட்டைக் குடுத்து விட்டிருப்பன். அண்ணையும் கேக்கேல்லை. இஞ்சை வந்து நிக்கேக்கையும் இந்த அலுமாரிக்குள்ளதான் கிடந்தது. பாத்த மனுசனுக்குத் திருப்பிப் போட்டுக் காட்டி ஏன் அழவைப்பான் எண்டு நாங்களும் விட்டிட்டம்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்மேல் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை, இருந்திருந்தால் எனக்கு நல்லது.

“இப்பவும் கிடக்கு. என்ரை மோன் அந்தக் கசெற்றைச் சீடியிலை மாத்தி, பிறகு போனிலையும் ஏத்தி வைச்சிருக்கிறான். அம்மான்ரை முகம் நல்ல தெளிவு” என்றார். “அனுப்பட்டே?”

“ஓம். அனுப்புங்கோ.”

“ஆற்றை நம்பருக்கு?”

நான் அத்தானின் நம்பரைச் சொன்னேன்.